கோரிக்கை இல்லாத எட்டு நாட்கள்

ஒரு வெள்ளைத்தாள், ஒரு நீலப் பேனா, சுவரில் பத்து நாற்பது காட்டும் கடிகாரம். பன்னிரண்டு மணிக்குத் தாளாளர் வருகிறாராம், அதற்குள் மன்னிப்புக் கடிதம் எழுதி அப்பனும் மகளும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் டி.சி.யை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானாம். பத்தாம் வகுப்பில், பொதுத்தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, டி.சி. ‘மன்னிப்புங்கற ஒரு வார்த்தை இருந்தாப் போதுங்க, பெருசா எழுத வேண்டாம்’ என்றார் தலைமையாசிரியை ஜெயசீலி. நல்ல மனுஷிதான், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் மில் மேனேஜரும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஒரு வார்த்தை போதும் என்று சொன்னார். வேலைநிறுத்தம் செய்ததற்காக நாற்பத்திரண்டு பேரை வெளியே தள்ளியிருந்தார்கள், வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கே ஷிப்ட். நாற்பத்தொரு பேர் எழுதினார்கள். நான் எழுதவில்லை. பதினோரு வருஷம் எழுதவில்லை. கோர்ட் தீர்ப்போடு நான் உள்ளே போனபோது அந்த நாற்பத்தொரு பேரில் மிச்சமிருந்தவர்கள் எனக்கு மாலை போட்டார்கள், என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. ஆக, இந்தக் கோயம்புத்தூர் ஜில்லாவில் அந்த ஒரு வார்த்தையை எழுதத் தெரியாத ஆள் ஒருத்தன் உண்டென்றால் அது இந்தக் கிட்டுசாமிதான், அவன் முழங்கால் மேல்தான் இப்போது வெள்ளைத்தாள் படபடத்துக்கொண்டிருக்கிறது. தலைமையாசிரியை அறைக்கு வெளியே போட்ட இந்தப் பெஞ்சின் மறுகோடியில் என் மகள் வெற்றிக்கொடி, செருப்பு நுனியால் ஓர் எறும்பை வழிமறித்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். எறும்பு சுற்றிக்கொண்டு போகிறது. இவள் மறுபடி குறுக்கே வைக்கிறாள். முகத்தில் ஒரு கவலை உண்டா பார், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிறவள் மாதிரி.

நடந்தது இவ்வளவுதான். காலாண்டுத் தேர்வில் கணக்குத் தாளில் பேரை மட்டும் எழுதி அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு ‘எழுத இஷ்டமில்லீங்க’ என்றிருக்கிறாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றதற்கு வீட்டில் மூச்சு விடவில்லை. மறுநாளிலிருந்து கணக்கு வகுப்புக்கு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து மைதானத்துப் புங்கமரத்தடியில் உட்காருவாளாம், அடுத்த மணிக்கு எழுந்து வகுப்புக்குப் போவாளாம். கூப்பிட்டால் வரமாட்டாள், திட்டினால் பதில் பேசமாட்டாள். எட்டு நாள். எட்டாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. மார்பு ஒரு சுற்று பெருத்துவிட்டது. எட்டு நாள்! தொடங்குகிற நேரத்துக்குத் தொடங்கி, முடிக்கிற நேரத்துக்கு முடித்து, ஒரு கல் எறியாமல், ஒரு கெட்ட வார்த்தை பேசாமல், அத்தனை ஜன்னலிலிருந்தும் தெரிகிற இடமாகப் பார்த்து. இடத்தைத் தேர்ந்தெடுப்பது பாதிப் போராட்டம் என்று எத்தனை வாலிபர்களுக்குத் தொண்டை வற்றச் சொல்லியிருப்பேன், ஒருத்தன் மண்டையில் ஏறவில்லை. இப்போதைய தலைவர்களோ பதினோரு மணிக்குப் போட்டோவுக்கு முஷ்டி தூக்கிவிட்டுப் பதினொன்றரைக்குப் போண்டா தின்னப் போகிறவர்கள். டீக்கடையில் வாய் சும்மா இருக்கவில்லை. ‘என்ற புள்ள எட்டு நாளாக் கணக்கு வகுப்பைப் புறக்கணிச்சிட்டு இருக்கறா’ என்றேன். ‘அட, கோரிக்கை என்னங்க தோழர்?’ என்றார்கள். தெரியவில்லை. ஆனால் கோரிக்கை இல்லாமல் ஒருத்தி எட்டு நாள் உட்காருவாளா? அந்த நினைப்பில்தான் இன்று காலை ஜெயசீலி அம்மா முன்னால் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘இவளோட கோரிக்கை என்னன்னு நிர்வாகம் கேட்டுதுங்களா?’ என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். ‘கோரிக்கைங்களா? அப்படி ஒண்ணும் சொல்லலீங்களே.’ நான் இவள் பக்கம் திரும்பி, ‘சொல்லு அம்மிணி, பயப்படாதே, அப்பா இருக்கேன்’ என்றேன். இவள் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: ‘ஒண்ணுமில்ல.’ என் நாற்பது வருஷத்தில் எந்த நிர்வாகமும் என்னை அப்படி உட்கார வைத்ததில்லை.

ஒண்ணுமில்ல. ஒரு வருஷமாக வீட்டில் இதே பேச்சுத்தான். ஏம்மா சாப்பிடலை, ஒண்ணுமில்ல. ஏன் கதவைச் சாத்தறே, ஒண்ணுமில்ல. தலைமுடியை இவளே கத்திரிக்கோலால் காதுவரைக்கும் வெட்டிக்கொண்டு வந்து நின்றாளே, அதற்கும் ஒண்ணுமில்ல. நல்ல பெயராகப் பார்த்து வைத்தேன், வெற்றிக்கொடி என்று, நோட்டில் வி. கொடி என்று எழுதிக்கொள்கிறாள், கேட்டால் ‘முழுசா எழுதுனா லேபிள்ல எடம் பத்தலப்பா’ என்கிறாள். வருஷா வருஷம் தியாகிகள் தினத்தில் எனக்குப் போர்த்துகிற சால்வைகளை எடுத்து சைக்கிள் துடைக்கிறாள், அதுவும் சிவப்பாகப் பார்த்து எடுக்கிறாள், அழுக்குத் தெரியாதாம். போன் வந்த அன்றிலிருந்து இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ‘பேச்சுவார்த்தைக்கு அழைக்கிறோம். தங்கள் கோரிக்கைகளை எழுத்து மூலம் சமர்ப்பிக்கவும்’ என்று எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கதவுக்கு அடியில் தள்ளினேன். என் மனைவி பூரணி அரிசி களைந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஏனுங்க, பெத்த புள்ளகிட்டப் பேசறதுக்கு நோட்டீஸா? கதவைத் தட்டிக் கண்ணுன்னு கூப்பிட்டா வாய் வெந்துருமா?’ என்றாள். ‘உனக்கு நடைமுறை தெரியாது பூரணி’ என்றேன். அரை மணி கழித்துக் கதவுக்கு அடியிலிருந்து ஒரு தாள் வெளியே வந்தது. பாய்ந்து எடுத்தேன். முன்னும் இல்லை பின்னும் இல்லை, வெறும் தாள். அதைப் பார்த்துப் பூரணி சிரித்த சிரிப்பில் அரிசி பாதி சிங்க்கில் போய்விட்டது. நானும் கொஞ்சம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் படுத்தபின் அந்தத் தாள் கண்ணை விட்டுப் போகவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். டி.சி. வாங்கின பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேன் வரும். மில் விடுதி, சுவர் மேல் கண்ணாடிச் சில்லு, பதினைந்து வயசுக் கண்களில் பஞ்சுத் தூசி. அந்த விடுதி வாசல்களில் நான் எத்தனை நாள் கத்தியிருக்கிறேன், உள்ளிருந்து எட்டிப் பார்த்த ஒவ்வொரு முகமும் யாரோ ஒரு அப்பன் ‘எனக்கு நடைமுறை தெரியும்’ என்று சொல்லி அனுப்பிவைத்த முகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வேண்டாம். அந்தப் பக்கம் போகாதே. எழுது.

பதினொன்று ஐந்து. ‘ம’ என்று போட்டேன். அது தானாக ‘மதிப்பிற்குரிய’ என்று ஓடிவிட்டது. மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. சரி. அடுத்து? என் கைக்கு ஒரே நடைதான் தெரியும். நான் ஐந்தாம் வகுப்பு. என்னைப் படிக்க வைத்தது துண்டுப் பிரசுரம். மில் வாசலில் கொடுத்ததை டவுசர் பையில் மடித்து வைத்து, தெருவிளக்கில் எழுத்துக் கூட்டி, பெரிய எழுத்தில் இருப்பதை உரக்கவும் சின்ன எழுத்தில் இருப்பதை மனசுக்குள்ளும் படித்து அறிவு வளர்த்தவன். பி.ஏ. படித்தவர்கள் எழுதிய பிரசுரத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன், ஒருத்தர் கூட அதற்கு நன்றி சொன்னதில்லை, அது கிடக்கட்டும். எழுதினேன்: ‘எமது மகள் கணக்கு வகுப்பைப் புறக்கணித்த சூழ்நிலையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள்.’ அவர் எங்கே அறிவார், எனக்கே தெரியாது. அடித்தேன். ‘இது தொடர்பாக ஏற்பட்டுள்ள கசப்புணர்வைப் போக்கிச் சுமுகச் சூழலை ஏற்படுத்துமாறு நிர்வாகத்தை வலியுறுத்துகிறோம்!’ ஆச்சரியக்குறி போட்டபின்தான் தெரிந்தது, மன்னிப்பு நான் கேட்கவில்லை, அவர்களைக் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பேனா தப்பில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. உள்ளே எந்த வகுப்பிலோ வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள், ஏழு எட்டு ஐம்பத்தாறு, மழைக்கு ஓடு அதிர்கிற மாதிரி ஒரு சத்தம், நன்றாகத்தான் இருக்கிறது கேட்க. எறும்பு போய்விட்டது. இவள் மெல்ல மெல்ல நகர்ந்து பெஞ்சின் நடுவுக்கு வந்துவிட்டாள், நான் பார்க்காத மாதிரி இருந்தேன், இவள் எட்டிப் பார்க்காத மாதிரி எட்டிப் பார்த்தாள். மூக்கிலிருந்து ஒரு சத்தம். சிரிப்பை அடக்கினால் வருகிற சத்தம்.

‘என்ன சிரிப்பு?’ என்றேன். ‘வலியுறுத்தறீங்களா?’ என்றாள். ‘ஏன், தப்பா?’ ‘இல்லப்பா, கீழ இன்னும் நாலு பேர் கையெழுத்து வாங்கி நகல் கலெக்டருக்குன்னு போட்டுட்டா முடிஞ்சுது.’ வாயைப் பார். வாய் மட்டும் அப்படியே என் வாய், பூரணி சொல்லிச் சொல்லி மாய்கிறாள். ‘நீதான் உக்காந்தே, நீயே எழுதேன்’ என்று தாளை நீட்டினேன். வாங்கவில்லை. அப்போது எனக்கு ஏதோ தோன்றியது, என்ன தோன்றியது என்று சொல்ல வரவில்லை, இத்தனை நாளாகக் கோரிக்கை என்ன கோரிக்கை என்ன என்றே கேட்டுக்கொண்டிருந்தவன் சாதாரணமாக, பஸ் வந்ததா என்று கேட்கிற மாதிரி கேட்டேன். ‘அம்மிணி, அந்தப் பேப்பர்ல ஒரு கணக்குக் கூடவா தெரியல?’ செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘மைனஸ் மூணையும் மைனஸ் அஞ்சையும் கூட்டுனா என்ன வரும்னு எனக்குத் தெரியாது’ என்றாள். ‘அது என்ன பத்தாவதா?’ ‘ஏழாவது. அது தெரிஞ்சாத்தான் எட்டாவது. எட்டாவது தெரிஞ்சாத்தான் ஒம்பதாவது. டீச்சர் போர்டுல எழுத எழுத எல்லாரும் ஆமாங்கறாங்க. நானும் மூணு வருசமா ஆமாங்கறேன். சலிச்சுப் போச்சு.’ ‘ஏழாவதுல நீ நல்லாத்தானே போயிட்டு இருந்தே?’ ‘போகலப்பா. ஆறாவதும் ஏழாவதுல பாதியும் ஊரடங்கு. வகுப்பெல்லாம் போன்ல நடந்துச்சு.’ பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். ‘போன் உங்ககிட்ட இருந்துச்சு’ என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, குடை உங்ககிட்ட இருந்துச்சு என்பது போலச் சொன்னாள்.

போன் என்னிடம்தான் இருந்தது. இவள் வகுப்புக்கென்றே வாங்கின போன். மில்லைப் பூட்டிவிட்டார்கள், பீகார்ப் பையன்கள் முன்னூறு பேர் விடுதியில் பட்டினி, சோறு எங்கே, ஊருக்கு ரயில் எங்கே, எல்லாம் அந்தப் போனில்தான். காலையில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டால் இரவுதான் வீட்டுக்கு வரும், பாதி நாள் சார்ஜ் இல்லாமல். போலீஸ் மறித்தது, ஒரு தாசில்தார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார், ரயில் கிளம்பினபோது அந்தப் பையன்கள் ஜன்னலுக்கு ஜன்னல் கை நீட்டி ‘சாச்சா, சாச்சா’ என்று, சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி, கூப்பிட்டார்கள். என் ஆயுளில் அதைவிட நல்ல காலம் எனக்கு இருந்ததில்லை, இப்போதும் நினைத்தால் நெஞ்சு இனிக்கிறது, அது தப்பென்று யார் வந்து சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே காலையில் சமையற்கட்டு வாசலில் பதினோரு வயசு ஒன்று நின்றுகொண்டு ‘அப்பா, பத்தரைக்கு வகுப்பு’ என்று சொன்னதா? சொல்லியிருக்கும். ‘ஒரு மணி நேரத்துல வந்தர்றேன் கண்ணு’ என்று நான் சொல்லியிருப்பேன். எந்த நாள் ஒரு மணி நேரத்தில் வந்தேன்? அவளும் ஒரு நாள் முழுக்கக் கேட்காமல், ஒரு வாரம் கேட்காமல், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். முன்னூறு பேருக்காக ஓடினவனை எதிர்த்து ஒருத்தி எப்படிக் கேட்பாள். ‘இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?’ என்றேன். ‘சொன்னா என்ன செய்வீங்க? ஒடனே தட்டி போர்டு எழுதிட்டுப் போய்த் தாளாளர் வீட்டு முன்னால உக்காந்துருவீங்க. ஊரடங்குல விட்டுப்போன பாடத்தை நடத்து நடத்துன்னு. அப்பறம் நான் எப்படி இங்க படிக்கறது?’ இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். உண்மையில் அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தட்டியில் எழுத வேண்டிய முதல் வரி எனக்குத் தயாராகிவிட்டது. நல்ல வரியும்கூட.

பதினொன்று நாற்பது. தாளாளர் கார் இன்னும் வரவில்லை. அவள் என் கையிலிருந்து தாளை உருவி, அடித்தல் திருத்தலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, திருப்பி வைத்துக்கொண்டு பின்பக்கம் எழுதினாள். குனிந்து எழுதும்போது வெட்டின முடி கண்ணில் விழுந்தது, ஊதித் தள்ளினாள். நான் தொடவில்லை, தொட்டால் நிறுத்திவிடுவாள். மூன்று வரி. ‘எனக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு தெரியாது. தினமும் அந்த வகுப்பு நடக்கும் நேரத்தில் அங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்ள அனுமதி வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்குள் கற்றுக்கொள்வேன்.’ கீழே கையெழுத்து, முழுப் பெயர், வெற்றிக்கொடி. நாற்பது வருஷமாக எழுதுகிறேன், மூன்று வரியில் இப்படி ஒன்று எனக்கு அமைந்ததில்லை. ‘சின்னப் பசங்களோடவா? சிரிப்பாங்களே அம்மிணி’ என்றேன். ‘சிரிக்கட்டும். நான் என்ன அவங்களுக்குத் தலைவரா?’ என்றாள். ‘மன்னிப்புங்கற வார்த்தை இல்லையே’ என்றேன். ‘அது எனக்கு வரல. உங்களுக்கும் வரலைனா விடுங்க’ என்று பேனாவை என் பக்கம் தள்ளினாள். நான் எடுத்தேன். விசித்திரம், இந்த முறை கை வேறு எங்கும் ஓடவில்லை. ‘போன் என்னிடம் இருந்தது. மன்னிக்க வேண்டும். கிட்டுசாமி.’ எழுதிப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. இடி விழவில்லை. ஒருத்தரும் ஜெயிக்கவில்லை. அவள் படித்தாள், மறுபடி படித்தாள், ‘புள்ளி வெச்சிருக்கீங்க, ஆச்சரியக்குறி இல்ல’ என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கடிகாரத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

ஜெயசீலி அம்மா தாளை வாங்கி முதலில் தவறான பக்கத்தைப் படித்துவிட்டு, ‘வலியுறுத்தறீங்களா?’ என்றார். ‘பின்பக்கங்க மேடம்’ என்றாள் இவள். படித்தார். ‘பத்தாவது புள்ளய ஏழாவதுல உக்கார வெக்க விதி கிடையாதும்மா’ என்றார். என் முதுகு தானாக நிமிர்ந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஏறிவிட்டது, விதி என்று எவர் சொன்னாலும் எனக்கு அப்படித்தான். ‘அப்பா, நீங்க பேசாதீங்க’ என்றாள். பேசவில்லை. பூரணி பார்த்திருக்க வேண்டும். ‘உக்காரக்கூடாதுன்னும் விதி இல்லீங்க மேடம். நான் எட்டு நாளா மரத்தடியில உக்காந்தேன், அதுக்கும் விதி இல்ல. ஏழாவதுலன்னா ரெண்டு கணக்காவது தெரியும்’ என்றாள். ஜெயசீலி அம்மா கடைசி வரியில் விரலை வைத்தார். ‘மன்னிப்பு இருக்குது, சரி. போன் என்னிடம் இருந்ததுன்னா என்ன அர்த்தம்? இது எனக்கா எழுதுனீங்க?’ என்று என்னைக் கேட்டார். நான் இவளைப் பார்த்தேன், இவள் மின்விசிறியைப் பார்த்தாள். ‘உங்க பைலுக்கு ஆகுமுன்னா வெச்சுக்கங்க’ என்றேன். அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார், புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, அவர் வீட்டிலும் ஒரு போன் இருந்திருக்கும். பிறகு தாளில் பச்சை மையால் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டு, ‘தாளாளர்கிட்ட நான் பேசிக்கறேன். ஏழாவது பி-ல இப்பக் கணக்குத்தான் நடக்குது, போ’ என்றார்.

வெளியே வெயில் பளீரென்று அடித்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து போனாள், நான் பத்தடி பின்னால், அவள் திரும்பிப் பார்த்து ‘நீங்க கெளம்புங்க’ என்று கையை ஆட்டினாள், நான் கிளம்புகிற மாதிரி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏழாவது பி-யில் இவள் வாசலில் நின்றதும் நாற்பது வாண்டுகளும் படபடவென்று எழுந்து, ‘வணக்கம் மிஸ்’ என்று இழுத்துப் பாடிவிட்டன. யாரோ புது டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள் போல. என் மகள் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்க, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள், முழங்கால் மேஜையில் இடித்தது, பக்கத்தில் இருந்த குண்டுப் பையன் தன் டிபன் டப்பாவை நகர்த்தி இடம் கொடுத்தான். டீச்சர் போர்டில் மைனஸ் மூன்று கூட்டல் மைனஸ் ஐந்து என்று எழுதி, யார் சொல்வீர்கள் என்றார். நாற்பது கைகளும் மேலே போயின. ஒரு கை போகவில்லை. டீச்சர் அந்தக் கையைத்தான் பார்த்தார். ‘ஏம்மா, உனக்குத் தெரியுமா?’ அவள் எழுந்தாள், தலை கூரையைத் தொடுகிற மாதிரி இருந்தது அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில். ‘தெரியாதுங்க டீச்சர்’ என்றாள். அரை அங்குலம் கூடக் குனியாமல், ஓர் எழுத்துக்கூட விழுங்காமல். நானும் ஊரெல்லாம் பேசியிருக்கிறேன், பெரிய பெரிய பேச்சாளர்களைக் கேட்டிருக்கிறேன். மைக் இல்லாமல் ஒரு குரல் கடைசித் தூண்வரைக்கும் இவ்வளவு சுத்தமாக வந்து சேர்ந்து நான் கேட்டதில்லை.